எழுதுகோலுக்கு எஜமான் உண்டு, நாக்குக்கு இல்லை

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் இப்போது ஐந்து பேர்தான் மிச்சம். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை ஒரு நடை, திரும்பி வந்து மதில் சுவரில் உட்கார்ந்து அரைமணி நேரம் ஊர்க்கதை, உலகக்கதை. போன வாரம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் செய்தித்தாளை மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"சார், நீங்க பிரெஞ்சு படிச்சவரு. ஒண்ணு சொல்லுங்க. நம்ம அட்டர்னி ஜெனரலும் அந்தக் காலத்துப் புரோக்யுரேர் ஜெனராலும் ஒண்ணுதானே? ரெண்டு பேருமே சர்க்கார் வக்கீல்தானே?"

"இல்ல சார், ஒண்ணு இல்ல" என்றேன்.

"என்ன இல்ல? சர்க்கார் சம்பளம் குடுக்குது, சர்க்கார் சொல்றதைப் பேசறாரு. சர்க்காருக்கு எதிரா சர்க்கார் வக்கீலே எழுந்து நின்னு பேசுவாரா?"

"பேசியிருக்காங்க" என்றேன். அதற்குள் வெயில் ஏறிவிட்டது, எழுந்துவிட்டோம். சுவரில் உட்கார்ந்து அரைகுறையாகச் சொல்வதைவிட நிதானமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்களுக்கும் பயன்பட்டால் மகிழ்ச்சி.

முதலில் பதவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டு அட்டர்னி ஜெனரல், அரசியல் சாசனத்தின் 76ஆவது பிரிவின்படி மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர். அரசு அவருடைய கட்சிக்காரர், அரசுக்காக அவர் வாதாடுகிறார். திருட்டு, கொலை வழக்குகளை நடத்துவது அவர் வேலையல்ல. அதற்கு அந்தந்த மாநிலத்தில் பப்ளிக் பிராசிக்யூட்டர் என்று தனியாக இருக்கிறார்கள்.

பிரெஞ்சு முறை வேறு. அங்கே வழக்குத் தொடுப்பவரும் நீதிபதி இனத்தைச் சேர்ந்தவர்தான். தீர்ப்புச் சொல்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் அவர்களுக்கு 'உட்கார்ந்த நீதித்துறை' என்று பெயர். வழக்குத் தொடுப்பவர்கள் எழுந்து நின்று பேசுவார்கள், அதனால் அவர்களுக்கு 'நிற்கும் நீதித்துறை' என்று பெயர். அவர்களை மொத்தமாகப் 'பார்க்கே' என்பார்கள். பார்க்கே என்றால் தரை. மன்னர் காலத்தில் மன்னரின் ஆட்கள் நீதிபதிகளின் மேடைக்குக் கீழே தரையில் நின்று பேசியதால் வந்த பெயர் என்று சொல்வார்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒவ்வொன்றிலும் ஒரு புரோக்யுரேர் ஜெனரால் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே பாரீஸில் 'கூர் த கசாசியோன்' என்ற உச்ச நீதிமன்றம். அங்கே இருக்கும் புரோக்யுரேர் ஜெனராலைத்தான் நாட்டின் முதல் புரோக்யுரேர் என்று சொல்ல வேண்டும். சிவப்பு அங்கி, வெள்ளை மென்மயிர்த் தோள்பட்டை என்று பார்க்க மன்னர்போல இருப்பார். ஆனால் ஒரு வேடிக்கை: மற்ற ஊர்களின் புரோக்யுரேர்களுக்கு அவர் மேலதிகாரி அல்ல. அவர்களுக்கு மேலே இருப்பவர் நீதி அமைச்சர். 'இவனைப் பிடி, அவனை விடு' என்று உத்தரவு போடும் அதிகாரம் இந்த முதல் புரோக்யுரேருக்கு இல்லை.

அப்படியானால் அவருக்கு என்ன வேலை? கசாசியோன் நீதிமன்றம் ஒருவன் குற்றம் செய்தானா இல்லையா என்று பார்ப்பதில்லை. கீழே உள்ளவர்கள் சட்டத்தைச் சரியாகப் பின்பற்றினார்களா என்றுதான் பார்க்கும். அங்கே எழுந்து நின்று, எந்தக் கட்சிக்கும் சேராமல், 'சட்டம் இதைத்தான் சொல்கிறது' என்று எடுத்துச் சொல்வது அவர் வேலை. ஒரு தவறான தீர்ப்பை எதிர்த்து யாருமே மேலே வரவில்லை என்றால் 'சட்டத்தின் நலனுக்காக' என்று அவரே மனு போடலாம். அதனால் கட்சிக்காரர்களுக்கு லாபமோ நஷ்டமோ கிடையாது. தப்பான தீர்ப்பு முன்னுதாரணமாக நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நம் புதுச்சேரிக்கும் அந்தப் பாரீஸ் நீதிமன்றத்துக்கும் தொடர்பு உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே தீர்ப்பில் தோற்றவர்கள் சட்டப் பிரச்சினை இருந்தால் அங்கேதான் போக வேண்டும். காகிதம் கப்பலில் போகும். 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார் என்பதற்காக இங்கே தண்டிக்கப்பட்டதும், அவர் விடாமல் பாரீஸ்வரை போய் வென்றதும் நம்மூர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதை. லா போர்த் என்று பின்னால் பெயர் வைத்துக்கொண்டவர் அவர்தான். 1962க்குப் பிறகு அந்த வழி அடைபட்டு, நாம் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வந்தோம்.

இனி நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீதி அமைச்சருக்குக் கட்டுப்பட்ட ஒருவர் எப்படிச் சுதந்திரமாகப் பேச முடியும்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பாடம் எடுத்த மெத்ர் ஒருவர் இதற்குப் பதிலாக ஒரு பழமொழி சொல்லுவார். 'லா ப்ளூம் எ செர்வ், மெ லா பரோல் எ லீப்ர்.' அதாவது, எழுதுகோல் அடிமை, ஆனால் பேச்சு சுதந்திரம். பிரெஞ்சு நீதித்துறையில் வெகுகாலமாக வழங்கும் விதி இது. அமைச்சர் 'வழக்குப் போடு' என்று எழுத்தில் சொன்னால் புரோக்யுரேர் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் நீதிமன்றத்தில் எழுந்து நின்றுவிட்டால் அவர் மனசாட்சிக்குச் சரியென்று பட்டதைப் பேசலாம். எழுத்தில் தண்டனை கேட்டுவிட்டு வாயால் விடுதலை கேட்கலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. 1958 டிசம்பர் 22ஆம் தேதி அவசரச் சட்டத்திலும் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள்: புரோக்யுரேர்கள் நீதி அமைச்சரின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள், ஆனால் நீதிமன்றத்தில் அவர்கள் பேச்சு சுதந்திரமானது.

எழுதுகோல் எவ்வளவு தூரம் அடிமை என்பதற்கு ஓர் உதாரணம். 1889இல் ஜெனரல் பூலான்ஷே என்பவர் செல்வாக்கில் ஓங்கி, குடியரசையே கவிழ்த்துவிடுவாரோ என்று அரசு பயந்தது. அவர்மேல் வழக்குப் போட முடிவு செய்தார்கள். பாரீஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் புரோக்யுரேர் ஜெனரால் பூஷே குற்றப்பத்திரிகையில் கையெழுத்துப் போட மறுத்தார். அரசு அவரை மாற்றிவிட்டு, அந்த இடத்தில் கெனே த பொர்பேர் என்பவரை உட்கார வைத்தது. அவர் போட்டார். கையெழுத்துப் போடாத கை நாற்காலியில் இருக்க முடியாது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. இந்தக் கெனே த பொர்பேரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

பேச்சு எவ்வளவு தூரம் சுதந்திரம் என்பதற்கு உதாரணம் கப்பித்தேன் த்ரேஃபுஸ் வழக்கு. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் டிரைஃபஸ் என்பார்கள்.

கதைச் சுருக்கம் இது. ஆல்ஃபிரெட் த்ரேஃபுஸ் பிரெஞ்சு பீரங்கிப் படையில் கேப்டன். அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த யூதர். ஜெர்மன் தூதரகத்துக்கு ராணுவ ரகசியங்களைத் தருவதாக யாரோ எழுதிய துண்டுக் காகிதம் ஒன்று கிடைத்தது. கையெழுத்து இவருடையது போல இருக்கிறது என்று 1894 அக்டோபர் 15 அன்று கைது செய்தார்கள். டிசம்பரில் ராணுவ நீதிமன்றம் மூடிய அறையில் விசாரித்தது. குற்றவாளிக்கும் அவருடைய வக்கீலுக்கும் காட்டாமல் ஒரு ரகசியக் கட்டை ராணுவ அமைச்சகம் நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தது. ஆயுள் தண்டனை. 1895 ஜனவரி 5 அன்று எக்கோல் மிலித்தேர் என்ற ராணுவப் பள்ளி முற்றத்தில், படைகள் பார்த்திருக்க, அவருடைய பட்டைகளைப் பிய்த்தெறிந்து வாளை முறித்தார்கள். வெளியே கூட்டம் யூதனுக்குச் சாவு என்று கத்தியது. பிறகு தென் அமெரிக்கக் கரையோரம் இருக்கும் பேய்த்தீவில் தன்னந்தனியாக அடைத்தார்கள்.

1896இல் உளவுப் பிரிவின் தலைவரான கர்னல் பிக்கார், உண்மையான துரோகி எஸ்தெராஸி என்ற இன்னோர் அதிகாரி என்று கண்டுபிடித்தார். மேலதிகாரிகள் பிக்காரைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எஸ்தெராஸியை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, 1898 ஜனவரி 11 அன்று விடுதலை செய்தார்கள். இரண்டு நாள் கழித்து, 13ஆம் தேதி, எழுத்தாளர் எமில் ஸோலா 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்று 'லோரோர்' பத்திரிகையில் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

அவர்மேல் வழக்குப் போட்டவிதம் பாருங்கள். அந்த நீண்ட கடிதத்தில் ஜெனரல்கள், அமைச்சர்கள், கையெழுத்து நிபுணர்கள் என்று பலரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருந்தார். அரசு அதில் சில வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்தது. 'மேலிடத்து உத்தரவின்பேரில் எஸ்தெராஸியை விடுவித்தார்கள்' என்ற பகுதி அது. த்ரேஃபுஸ் பற்றிய பேச்சே நீதிமன்றத்தில் வரக் கூடாது என்பது நோக்கம். ஸோலாவின் வக்கீல் லாபோரி எந்தக் கேள்வி கேட்டாலும், 'அந்தக் கேள்வி கேட்கப்படாது' என்று நீதிபதி அடைத்துவிட்டார். பிப்ரவரி 23 அன்று ஸோலாவுக்கு ஓராண்டுச் சிறை, 3,000 பிராங்க் அபராதம்.

ஸோலா கசாசியோனுக்குப் போனார். அங்கே புரோக்யுரேர் ஜெனராலாக இருந்தவர் பெயர் மனோ. ஏதோ நம்மூர்ப் பையன் பெயர்போல இருக்கிறது, உச்சரிப்பு அப்படித்தான். அரசு ஒருவனைத் தண்டித்திருக்கிறது, தீர்ப்பு வந்த அன்று தெருவில் பட்டாசு வெடிக்காத குறை. இந்த நிலையில் மனோ எழுந்து, இந்தத் தண்டனை செல்லாது என்று சொன்னார். அவமதிக்கப்பட்டது ராணுவ நீதிமன்றம், ஆகவே புகாரை அந்த நீதிமன்றம் கொடுத்திருக்க வேண்டும், அமைச்சர் கொடுத்தது சட்டப்படி தவறு என்பது காரணம். ஏப்ரல் 2 அன்று கசாசியோன் தண்டனையை ரத்து செய்தது. அரசு விடவில்லை. சரியான முறையில் புகார் வாங்கி, ஜூலையில் வெர்சாயில் மறுபடியும் தண்டித்தது. ஸோலா இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

ஆகஸ்டில் நிலைமை புரண்டது. த்ரேஃபுஸுக்கு எதிரான முக்கியச் சான்று ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் பார்த்த ஓர் அதிகாரி, இரண்டு வேறு காகிதங்களை ஒட்டிச் செய்த போலி அது என்று கண்டுபிடித்தார். அதைச் செய்த கர்னல் ஆன்ரி ஒப்புக்கொண்டு, அடுத்த நாளே, ஆகஸ்ட் 31 அன்று, சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

இப்போது த்ரேஃபுஸின் மனைவி லூசி மறுவிசாரணை கேட்டார். சட்டம் என்ன சொன்னது தெரியுமா? 1895இல் வந்த சட்டத்தின்படி, 'புதிய உண்மை' வெளிப்பட்டது என்ற காரணத்துக்காக மறுவிசாரணை கேட்கும் உரிமை நீதி அமைச்சர் ஒருவருக்குத்தான். மனைவி மனு கொடுக்கலாம், முடிவு அமைச்சருடையது. அமைச்சகத்து ஆலோசனைக் குழு மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தது. சரிபாதி என்றால் நிராகரிப்பு என்று பொருள். இருந்தும் பிரிசோன் அமைச்சரவை செப்டம்பர் 26 அன்று கசாசியோனுக்கு அனுப்ப முடிவு செய்தது. அமைச்சரின் உத்தரவு மனோவின் மேசைக்கு வந்தது. அவருடைய எழுதுகோல் எழுதியது.

இதுவரை கட்டுப்பட்ட வேலைதான். ஆனால் விசாரணை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, அக்டோபர் 25 அன்று, உத்தரவு போட்ட அமைச்சரவையே கவிழ்ந்துவிட்டது. ராணுவ அமைச்சர் சபையிலேயே ராஜினாமா செய்தார், வெளியே தெருவில் கலகம். அடுத்து யார் வருவார், அவர் என்ன நினைப்பார் என்று யாருக்கும் தெரியாது. அரசு ஊழியம் பார்த்தவர்களுக்கு இந்த நிலை புரியும். 'புது அய்யா வரட்டும், ஃபைலைக் கொஞ்சம் நிறுத்தி வைப்போம்' என்பது நமக்கெல்லாம் தெரிந்த வழி. மனோ நிறுத்தி வைக்கவில்லை. 27ஆம் தேதி விசாரணை குறித்தபடி தொடங்கியது. மறுவிசாரணை மனுவை ஏற்க வேண்டும் என்று அவர் நீதிமன்றத்தில் பேசினார். 29ஆம் தேதி கிரிமினல் பிரிவு மனுவை ஏற்று, தானே விசாரிக்க முடிவு செய்தது.

அதற்குப் பிறகு அந்த நீதிபதிகளும் மனோவும் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. தேசியவாதப் பத்திரிகைகள் அவர்களைத் துரோகி, விலைபோனவன் என்று தினமும் எழுதின. நினைவில் வைக்கச் சொன்னேனே, கெனே த பொர்பேர், அவர் இதற்குள் கசாசியோனிலேயே சிவில் பிரிவின் தலைவராகியிருந்தார். 1899 ஜனவரியில் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, தன் சக நீதிபதிகள் பாரபட்சமானவர்கள் என்று பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். அதன் விளைவாக, நடந்துகொண்டிருந்த வழக்கைக் கிரிமினல் பிரிவிடமிருந்து பிடுங்கி, மூன்று பிரிவுகளும் சேர்ந்த முழு நீதிமன்றத்துக்கு மாற்றத் தனிச் சட்டமே போட்டார்கள். ஆட்டம் நடக்கும்போது விதியை மாற்றுகிற வேலை. 1899 மார்ச் 1 அன்று அந்தச் சட்டம் வந்தது.

எதிரிகளின் கணக்குத் தப்பியது. அறிக்கை வாசித்த நீதிபதி பலோ-போப்ரே, அந்தத் துண்டுக் காகிதத்தை எழுதியவன் எஸ்தெராஸி என்றே தான் நம்புவதாகச் சொன்னார். மனோ மறுபடியும் எழுந்து அதையே வலியுறுத்தினார். ஜூன் 3 அன்று முழு நீதிமன்றமும் 1894ஆம் ஆண்டுத் தீர்ப்பை ரத்து செய்து, ரென் நகரத்தில் புதிய ராணுவ நீதிமன்றம் விசாரிக்கட்டும் என்றது. நாலரை ஆண்டு கழித்துப் பேய்த்தீவிலிருந்து த்ரேஃபுஸைக் கப்பலில் கொண்டுவந்தார்கள்.

ரென்னில் நடந்தது இன்னொரு பாடம். அங்கே வழக்கு நடத்தியவர் ராணுவ அதிகாரியான மேஜர் கரியேர். அவருக்கும் அதே சுதந்திர நாக்குதான். அவர் அதை வைத்துக்கொண்டு குற்றவாளி என்றே தீர்ப்புக் கேட்டார். செப்டம்பர் 9 அன்று ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில், 'தணிக்கும் சூழ்நிலைகளுடன் குற்றவாளி' என்று ஒரு விசித்திரத் தீர்ப்பு, பத்தாண்டுச் சிறை. தேசத்துரோகத்துக்குத் தணிக்கும் சூழ்நிலை என்ன இருக்க முடியும் என்று உலகமே கேட்டது. பத்து நாளில் குடியரசுத் தலைவர் லூபே மன்னிப்புக் கொடுத்தார். உடல் தேறாத த்ரேஃபுஸ் ஏற்றுக்கொண்டார். ஆனால் மன்னிப்பு என்றால் குற்றம் நிற்கிறது என்றுதானே பொருள்?

நாக்குக்குச் சுதந்திரம் இருப்பதால் மட்டும் நியாயம் வந்துவிடாது. அந்த நாக்கு யாருடையது என்பதும் முக்கியம்.

1903 நவம்பரில் த்ரேஃபுஸ் மறுபடியும் மனு கொடுத்தார். இதற்குள் கசாசியோனின் புரோக்யுரேர் ஜெனரால் மாறியிருந்தார். புதியவர் பெயர் மனுவேல் போதுவேன். 1904 மார்ச்சில் மனு ஏற்கப்பட்டது. பிறகு இரண்டாண்டுக்கு மேல் ராணுவ அமைச்சகத்துக் கட்டுகளை ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார்கள். தேதி திருத்தியது, எழுத்து அழித்து வேறு எழுத்துப் போட்டது என்று போலிகள் வந்துகொண்டே இருந்தன. போதுவேனின் வாதவுரை அச்சில் வந்தபோது நூற்றுக்கணக்கான பக்கம். 1906 கோடையில் பல நாள் நின்றபடி பேசினார்.

அவர் கேட்டது இரண்டு. ரென் தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும். இன்னொரு ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பக் கூடாது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 445ஆவது பிரிவில், தீர்ப்பை ரத்து செய்த பிறகு குற்றம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று இருந்தது. துண்டுக் காகிதத்தை எழுதியவன் வேறு ஆள். ஆகவே இவர்மேல் குற்றம் என்று எதுவுமே மிச்சமில்லை. மூன்றாம் முறையாக ஏழு அதிகாரிகள் முன்னால் இந்த மனிதரை நிறுத்துவது எதற்கு?

1906 ஜூலை 12 அன்று, இப்போது தலைமை நீதிபதியாகியிருந்த பலோ-போப்ரே தீர்ப்பை வாசித்தார். திருப்பி அனுப்பாமல் ரத்து. பிரிவு 445க்குத் தவறாகப் பொருள் சொன்னார்கள் என்று எதிர்ப்பாளர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே நாடாளுமன்றம் த்ரேஃபுஸை மேஜராகப் படையில் சேர்த்தது. 21ஆம் தேதி, பதினோரு ஆண்டுக்கு முன் பட்டைகளைப் பிய்த்த அதே எக்கோல் மிலித்தேர் வளாகத்தில், லெழியோன் தொனேர் பதக்கத்தை அவர் மார்பில் குத்தினார்கள். போதுவேன் பின்னாளில் கசாசியோனின் தலைமை நீதிபதியானார்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1999இல், நோய் கலந்த ரத்தத்தை நோயாளிகளுக்கு ஏற்றிய விவகாரத்தில் முன்னாள் பிரதமர் லொரான் ஃபாபியுஸும் இரண்டு முன்னாள் அமைச்சர்களும் தனி நீதிமன்றத்தில் நின்றார்கள். அமைச்சர்களுக்கான அந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பவர் கசாசியோனின் புரோக்யுரேர் ஜெனரால்தான். அப்போது பூர்ழெலேன் என்பவர். மூவரையும் விடுவிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் கொதித்தன. நீதிமன்றம் இருவரை விடுவித்து, ஒருவரைத் தண்டனையில்லாமல் குற்றவாளி என்றது. அவர் சொன்னது சரியா தவறா என்பது வேறு பேச்சு. 2013இல் எழுதுகோலுக்கும் கொஞ்சம் விடுதலை கிடைத்தது. தனிப்பட்ட வழக்குகளில் நீதி அமைச்சர் உத்தரவு போடக் கூடாது என்று அந்த ஆண்டு ஜூலையில் சட்டம் செய்தார்கள்.

நண்பரே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். பேசுவார். எல்லோரும் பேசவில்லை, சிலர் பேசினார்கள்.

இவ்வளவு எழுதியவன் என் சொந்தக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை.

நான் எழுத்தராக இருந்த காலத்தில் ஓர் அலுவலகத்தில் பெருக்கும் வேலை பார்த்த அம்மாள் ஒருவருடைய ஃபைல் என் மேசைக்கு வந்தது. தினக்கூலியாகச் சேர்ந்து வேலை நிரந்தரமானவர். ஓய்வூதியத்துக்குத் தேவையான வருடக் கணக்கில் சில மாதம் குறைந்தது. அந்த மாதங்களின் வருகைப் பதிவேடு காணவில்லை என்று கீழிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். "பரிந்துரைக்க இயலாதுன்னு நோட்டு போடுங்க" என்றார் என் மேலதிகாரி. போட்டேன். பிறகு பழைய கட்டுகளை ஒதுக்கும்போது அந்தப் பதிவேடு கிடைத்தது. தாள் மஞ்சளாகியிருந்தது, ஒவ்வொரு நாளுக்கும் அந்த அம்மாளின் கைரேகை இருந்தது. மேலதிகாரியிடம் காட்டினேன். "முடிஞ்ச ஃபைலை ஏன் கிளர்றீங்க? வெச்சிடுங்க" என்றார். என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஃபைல் இன்னும் முடிந்திருக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெரிய அதிகாரி ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை அழைத்தார். நல்ல மனிதர். "இதை முழுசாப் பார்த்தவர் நீங்கதான். உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார். அறையில் வேறு யாரும் இல்லை. எழுதச் சொல்லவில்லை, வாயால்தான் கேட்டார்.

"நோட்டுல இருக்கிறதுதான் சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் அதன்பிறகு இரண்டு முறை அலுவலகத்துக்கு வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் வரவில்லை.

நோட்டு எழுதியதற்கு எனக்குச் சமாதானம் உண்டு. சொன்னதை எழுதினேன், அது என் வேலை. ஆனால் அந்த அறையில் என்னை யாரும் தடுக்கவில்லை. "பதிவேடு என் இழுப்பறையில இருக்கு சார்" என்று மூன்று நான்கு வார்த்தை போதும். பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம், மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். பதவி உயர்வும் வந்தது.

மனோவின் கதையை எங்கள் மெத்ர் சொன்னபோது எனக்குப் பதினைந்து வயதிருக்கும். அன்று கேட்டதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்த அறையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

நாளைக் காலை சுவரில் உட்காரும்போது நண்பர் ஏதாவது சொல்வார். கடைசிப் பகுதியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வேன்.